தெரியாத கெழுவைக் கண்டுபிடிக்க எந்த வழி: பிரதியிடுவதா, வகுப்பதா, ஒப்பிடுவதா?

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகள் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. "சித்தப்பா, ஒரே கணக்கு, ஒன்றரைப் பக்கம் போட்டுட்டேன், விடை மட்டும் வரவே மாட்டேங்குது" என்று நீட்டினாள். வாங்கிப் பார்த்தால், இரண்டு கெழுக்கள் (மாறியின் முன்னால் நின்று அதைப் பெருக்கும் எண்கள்) தெரியாத ஒரு முப்படிக் கோவையை நீள் வகுத்தல் முறையில் வகுத்துக்கொண்டே போயிருக்கிறாள். மூன்றாவது கழித்தலில் ஒரு கழித்தல் குறி கூட்டல் குறியாக மாறிவிட்டது, அதற்குக் கீழே எழுதிய அத்தனையும் வீண். அவள் எடுத்துக்கொண்ட முறை தப்பில்லை. அந்தக் கணக்குக்கு அவ்வளவு தூரம் சுற்றிப் போகத் தேவையில்லை, அவ்வளவுதான். அவள் போகும் டியூஷனில் இந்த வகைக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே முறையைத்தான் பழக்கியிருக்கிறார்கள். நல்ல பிள்ளை, சொன்னதை அப்படியே செய்கிறாள், அதனாலேயே மாட்டிக்கொள்கிறாள். அதைப் பார்த்து வருத்தமாக இருந்தது. அன்று அவளுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எழுத்துகளைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. மாறியை ம என்றும், தெரியாத கெழுக்களை அ, இ, உ என்றும், கோவையை ப(ம) என்றும் எழுதப்போகிறேன். உங்கள் புத்தகத்தில் இருக்கும் எழுத்துகளை அந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளலாம். உயிரெழுத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1591இல் பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா வியட், எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்துக் கணக்கிடும் முறையை ஒழுங்குபடுத்தியபோது, தெரியாதவற்றுக்கு உயிரெழுத்து, தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்து என்று பிரித்துக்கொண்டார். தமிழ் படித்தவர்களுக்கு இது கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 1637இல் ரெனே டெகார்ட் தன் வடிவியல் நூலில் அதை மாற்றி, அகரவரிசையின் கடைசி எழுத்துகளைத் தெரியாதவற்றுக்கு வைத்தார். நம் பாடப்புத்தகங்கள் இன்றும் அவர் வழியில்தான் போகின்றன. காரணித் தேற்றத்தின் சாரமும் அதே நூலில் இருக்கிறது: ஒரு சமன்பாட்டின் மூலம், அதாவது ம-வுக்குப் போட்டால் கோவையைச் சுழியாக்கும் எண், 2 என்றால், அந்தக் கோவை (ம − 2) ஆல் மீதியில்லாமல் வகுபடும்.

தேற்றம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ம இருக்கும் இடத்தில் 2 போட்டால் வரும் மதிப்புதான் ப(2). ப(2) = 0 என்றால் (ம − 2) ஒரு காரணி; (ம − 2) காரணி என்றால் ப(2) = 0. தெரியாத கெழுவைக் கண்டுபிடிக்கும் கணக்குகளில் இரண்டாவது பாதிதான் வேலை செய்கிறது. இலங்கையில் படிப்பவர்கள் கோவையைப் பல்லுறுப்பி என்றும் கெழுவைக் குணகம் என்றும் சொல்வார்கள். பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றேதான்.

எந்த முறை என்று யோசிப்பதற்கு முன்னால் எண்ணிப் பார்க்க வேண்டும். நான் மாணவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதை மட்டும்தான். தெரியாத கெழுக்கள் எத்தனை? கொடுத்திருக்கும் நிபந்தனைகளிலிருந்து எத்தனை சமன்பாடுகள் கிடைக்கும்? ஒருபடிக் காரணி ஒன்று ஒரு சமன்பாட்டைத் தரும். இருபடிக் காரணி ஒன்று இரண்டைத் தரும், முப்படிக் காரணி மூன்று. காரணியின் படி எவ்வளவோ அத்தனை சமன்பாடுகள். ஏன் அப்படி என்றால், இருபடிக் கோவையால் வகுக்கும்போது மீதி ஒருபடியாக வரும், அதில் ம-வின் கெழு ஒன்று, மாறிலி ஒன்று, இரண்டும் தனித்தனியே சுழியாக வேண்டும். அதனால் மூன்று கெழுக்கள் தெரியாத கோவைக்கு ஒரே ஒரு ஒருபடிக் காரணியைக் கொடுத்திருந்தால் எந்த முறையாலும் ஒரே விடைக்கு வர முடியாது; கேள்வியில் வேறொரு தகவல் எங்கேயோ இருக்கிறது, அதைத் தேடுங்கள். பெரும்பாலும் "மீதி 24" என்றோ "முதல் கெழுவும் கடைசி உறுப்பும் சமம்" என்றோ ஒரு மூலையில் எழுதியிருக்கும்.

சரி, அவள் கொண்டுவந்த கணக்கு இது.

ப(ம) = 2ம³ + அ·ம² + இ·ம − 6
(ம − 2), (ம + 3) இரண்டும் காரணிகள். அ, இ காண்க.

தெரியாதவை இரண்டு, ஒருபடிக் காரணிகள் இரண்டு, பொருந்துகிறது.

முதல் வழி நேராகப் பிரதியிடுவது. ம இருக்கும் இடத்தில் 2 போட்டால்

16 + 4அ + 2இ − 6 = 0, அதாவது 2அ + இ = −5

ம இருக்கும் இடத்தில் −3 போட்டால்

−54 + 9அ − 3இ − 6 = 0, அதாவது 3அ − இ = 20

இரண்டையும் கூட்டினால் 5அ = 15, எனவே அ = 3, இ = −11. நாலைந்து வரிதான். மாணவருக்குத் தெரிய வேண்டியது காரணித் தேற்றமும் இரண்டு மாறிச் சமன்பாட்டைத் தீர்ப்பதும் மட்டும். விடைத்தாள் திருத்துபவர் எதிர்பார்க்கும் வழியும் பெரும்பாலும் இதுதான், ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் தெளிவாக விழும். ஆனால் இந்த வழி அ, இ இரண்டையும் கையில் கொடுத்துவிட்டு நின்றுவிடும். மூன்றாவது காரணி என்ன என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து வகுக்க வேண்டும்.

இரண்டாவது, என் அண்ணன் மகள் போட்ட நீள் வகுத்தல். (ம − 2) ஆல் வகுத்து, ஈவில் அ, இ எல்லாம் கலந்து நிற்க, அந்த ஈவை மறுபடி (ம + 3) ஆல் வகுத்து, இரண்டு மீதிகளையும் சுழியாக்குவது. விடை வரும், ஆனால் வழியில் கழித்தல்கள் அதிகம், எழுத்தும் எண்ணும் கலந்த உறுப்புகளைக் கழிக்கும்போது குறி மாறுவதும் அதிகம். கெழுக்கள் எல்லாம் எண்களாக இருக்கும் கோவைக்கு நீள் வகுத்தல் நல்ல முறை, நான் மதிக்கும் முறை. தெரியாத எழுத்து உள்ளே இருக்கும்போது, அதுவும் ஒருபடிக் காரணிக்கு, அதைக் கையில் எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மூன்றாவது தொகுமுறை வகுத்தல். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பலரும் இதை நீள் வகுத்தலின் சுருக்கெழுத்து என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கெழுக்களை வரிசையாக எழுதுங்கள்: 2, அ, இ, −6. இடப்பக்கம் 2. முதல் கெழுவை அப்படியே இறக்கி, 2 ஆல் பெருக்கி அடுத்ததோடு கூட்டி, அதை 2 ஆல் பெருக்கி அடுத்ததோடு கூட்டி என்று போனால் கீழ் வரிசை இப்படி வரும்:

2, அ + 4, இ + 2அ + 8, 4அ + 2இ + 10

கடைசியில் நிற்பது மீதி. அதைச் சுழிக்குச் சமமாக்கினால் 2அ + இ = −5. முதல் வழியில் வந்த அதே சமன்பாடு! அது தற்செயல் இல்லை. தொகுமுறை வகுத்தலில் கடைசியாக வரும் எண்ணே ப(2)தான்; 2ம³ + அ·ம² + இ·ம − 6 என்பதை ((2ம + அ)ம + இ)ம − 6 என்று அடுக்கி எழுதி, உள்ளிருந்து வெளியே ம = 2 என்று கணக்கிட்டால் மேலே உள்ள வரிசைதான் ஒவ்வொன்றாக வரும். அதனால் பிரதியிடுவதும் தொகுமுறை வகுத்தலும் ஒரே கணக்குதான், தாளில் மிஞ்சி நிற்பதுதான் வேறு. பிரதியிட்டால் ஒரு சமன்பாடு மட்டும் மிஞ்சும். தொகுமுறையில் சமன்பாட்டோடு ஈவும் மிஞ்சும்.

அந்த ஈவை, அதாவது 2, அ + 4, இ + 2அ + 8 என்பதை, இப்போது −3 ஆல் இறக்கினால்

2, அ − 2, இ − அ + 14

மீதி சுழி, எனவே இ = அ − 14. முதல் சமன்பாட்டில் போட்டால் 3அ = 9, அ = 3, இ = −11. ஈவில் மிஞ்சியது 2, அ − 2, அதாவது 2, 1. மூன்றாவது காரணி 2ம + 1. தனியாக ஒரு வகுத்தலும் போடாமல் அது வந்து உட்கார்ந்துவிட்டது.

இத்தாலியில் இந்த முறைக்கு ருஃபினி பெயர், ஆங்கிலம் பேசும் நாடுகளில் 1819இல் இதை எழுதிய ஹார்னர் பெயர். அவர்களுக்கு எல்லாம் வெகு முன்னால், 1247இல், சீனாவில் சின் ஜியூஷாவ் உயர்படிச் சமன்பாடுகளைத் தீர்க்க இதே அடுக்கு முறையை எழுதி வைத்திருக்கிறார். இத்தனை பேர் வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்த ஒரு வழியை நாம் மனப்பாடக் கட்டமாக மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றும்.

நான்காவது, கெழுக்களை ஒப்பிடுவது. என் மனதுக்கு மிகவும் பிடித்தது இது. (ம − 2)(ம + 3) = ம² + ம − 6. முழுக் கோவை 2ம³ என்று தொடங்குகிறது, −6 என்று முடிகிறது. அப்படியானால் மிச்சமிருக்கும் காரணி 2ம என்றுதான் தொடங்க வேண்டும், 1 என்றுதான் முடிய வேண்டும், ஏனென்றால் −6ஐ எதனால் பெருக்கினால் −6 வரும்? எனவே அது 2ம + 1. இனிமேல் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, பெருக்கிப் பார்ப்பதுதான் பாக்கி:

(ம² + ம − 6)(2ம + 1) = 2ம³ + 3ம² − 11ம − 6

அ = 3, இ = −11. இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்கும் வேலையே இல்லை. அவளிடம் இதைப் போட்டுக் காட்டியபோது, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுத் தன் ஒன்றரைப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஐந்தாவது ஒன்றும் இருக்கிறது, மூலங்களுக்கும் கெழுக்களுக்கும் உள்ள தொடர்பு. மூலங்கள் 2, −3, இன்னொன்று. மூன்றின் பெருக்கல் 6/2 = 3, எனவே மூன்றாவது −1/2. மூன்றின் கூடுதல் −3/2, அது −அ/2க்குச் சமம், ஆக அ = 3. இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் −6 − 1 + 3/2 = −11/2, ஆக இ = −11. ஒப்பிடும் முறையைத்தான் இது மூலங்களின் பக்கமிருந்து சொல்கிறது. இதற்கும் வியட் பெயர்தான் வழங்குகிறது, ஆனால் அவர் மிகை மூலங்களுக்குத்தான் சொன்னார். 1629இல் ஆல்பர்ட் ஜிரார்ட்தான் எல்லா மூலங்களுக்கும் பொதுவாக எழுதினார். மூலங்களைப் பற்றியே கேள்வி பேசுகிறது, உதாரணமாக "மூலங்களின் கூடுதல் 5", "ஒரு மூலம் இன்னொன்றைப் போல இரு மடங்கு" என்று வருகிறது என்றால் இதைத் தவிர வேறு வழிக்குப் போகாதீர்கள். மற்ற இடங்களில் குறிகளை நினைவு வைப்பது ஒரு சுமை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இந்த ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு, அப்படியானால் எப்போதும் ஒப்பிடுவதுதான் சிறந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இதைப் பாருங்கள்:

ப(ம) = ம³ + அ·ம² + இ·ம + 8
(ம − 1) ஒரு காரணி. (ம + 2) ஆல் வகுத்தால் மீதி 24.

இங்கே காரணி ஒன்றுதான். இரண்டாவது நிபந்தனை மீதியாக வந்திருக்கிறது. ஒப்பிடும் முறையில் போனால் (ம − 1)(ம² + உ·ம − 8) என்று எழுதி, உ-வைத் தெரியாததாக வைத்துக்கொண்டு, அப்புறம் எப்படியும் ம = −2 என்று போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு முதலிலேயே பிரதியிட்டுவிடலாம். ப(1) = 0 என்பதிலிருந்து அ + இ = −9. (ம + 2) ஆல் வகுத்தால் வரும் மீதி ப(−2)தான் (இதுதான் மீதித் தேற்றம்), எனவே ப(−2) = 24 என்பதிலிருந்து −8 + 4அ − 2இ + 8 = 24, அதாவது 2அ − இ = 12. கூட்டினால் 3அ = 3, அ = 1, இ = −10. காரணித் தேற்றமும் மீதித் தேற்றமும் கலந்து வரும் கேள்விக்குப் பிரதியிடுவதை மிஞ்ச ஒன்றும் இல்லை, ஏனென்றால் அந்த முறைக்கு மீதி சுழியானாலும் ஒன்றுதான், 24 ஆனாலும் ஒன்றுதான்.

பிரதியிடும் வழி திணறும் இடம் எது தெரியுமா? பின்னம் வரும் இடம். (3ம + 2) காரணி என்று கொடுத்தால் ம = −2/3 போட வேண்டும், அதன் மும்மடி −8/27, பிள்ளைகள் அங்கேயே சோர்ந்துபோகிறார்கள். அதற்கு முன்பே நடக்கும் தவறு ஒன்றும் உண்டு: (3ம + 2) என்றால் −2 போடுவதா, 2/3 போடுவதா, −3/2 போடுவதா என்று குழம்பி, பாதிப் பேர் தவறான எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். 3ம + 2 = 0 என்று ஒரு வரி எழுதித் தீர்த்துவிட்டு அப்புறம் பிரதியிடுங்கள் என்று நான் சொல்லாத நாளில்லை, அந்த ஒரு வரிக்கு ஐந்து நொடி கூட ஆகாது. ஆனால் வேறு வழியும் இருக்கிறது:

3ம³ + அ·ம² + 6ம + 8, காரணி (3ம + 2)

இன்னொரு காரணி ம² + உ·ம + 4 என்று இருந்தாக வேண்டும், தொடக்கமும் முடிவும் அப்படித்தான் சொல்கின்றன. ம-வின் கெழுவைப் பாருங்கள்: 3 × 4 + 2உ = 6, உ = −3. ம²-இன் கெழு 3உ + 2, எனவே அ = −7. ஒரு பின்னம் கூட வரவில்லை. −2/3ஐப் போட்டும் இதே −7 வரும், ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு இரண்டில் எது உங்கள் கைக்கு எளிது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இருபடிக் காரணி கொடுத்திருந்தால் தேர்வு இன்னும் தெளிவாகிவிடும். அது ம² + ம − 6 போல உடைபடுமானால், உடைத்து இரண்டு எண்களைப் பிரதியிடலாம். உடையாவிட்டால்?

ம⁴ + ம³ + அ·ம² + இ·ம + 10, காரணி ம² − 2ம + 5

இந்தக் காரணியின் தன்மைகாட்டி 4 − 20 = −16, மெய்யான மூலமே கிடையாது. கலப்பெண் படித்தவர்கள் அதைப் போட்டுப் போராடலாம், பத்தாம் வகுப்பு மாணவர் என்ன செய்வார்? இங்கே ஒப்பிடுவது அழகாக வேலை செய்கிறது. இன்னொரு காரணி ம² + உ·ம + 2. ம³-இன் கெழு உ − 2 = 1, எனவே உ = 3. ம²-இன் கெழு 2 − 2உ + 5 = 1, அதுதான் அ. ம-வின் கெழு 5உ − 4 = 11, அதுதான் இ. போனசாக, மிச்சக் காரணி ம² + 3ம + 2, அது (ம + 1)(ம + 2) என்று உடையவும் செய்கிறது.

இதே கணக்குக்கு இன்னொரு வழியும் உண்டு, வகுப்பறையில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆனால் தெரிந்துகொண்டால் மறக்காது. காரணி சுழியாகும் இடத்தில் ம² = 2ம − 5. அப்படியானால் ம³ = 2ம² − 5ம = −ம − 10. அதையே இன்னொரு தடவை ம-வால் பெருக்கினால் ம⁴ = −ம² − 10ம = −12ம + 5. கோவையில் இவற்றை எல்லாம் போட்டால் படி குறைந்துகொண்டே வந்து

(2அ + இ − 13)ம + (5 − 5அ)

என்று நிற்கும். இதுதான் மீதி. இரண்டும் சுழி, எனவே அ = 1, இ = 11. மூலம் என்ன எண் என்றே தெரியாமல், அது எந்த விதிக்குக் கட்டுப்படுகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பிரதியிட்டிருக்கிறோம். காரணித் தேற்றத்தின் உயிரே இதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கோவையின் படி பெரிதாக, காரணி சிறிதாக இருக்கும்போது, உதாரணமாக காரணி ம² + 1, கோவை ம-வின் பத்தாம் படி வரை போகிறது என்றால், ம² = −1 என்று போட்டுக்கொண்டே போவது போல வேகமான வழி வேறில்லை.

பத்தாம் வகுப்பில் இன்னொரு உறவுக்காரக் கணக்கு வரும்: ம⁴ − 6ம³ + 13ம² + அ·ம + இ ஒரு முழு வர்க்கம், அ, இ காண்க. புத்தகம் இதை வகுத்தல் முறையில் வர்க்கமூலம் கண்டு மீதியைச் சுழியாக்கச் சொல்லிக் கொடுக்கிறது. (ம² − 3ம + உ)² என்று எழுதி ஒப்பிட்டால் 9 + 2உ = 13, உ = 2, அ = −6உ = −12, இ = உ² = 4 என்று இரண்டு வரியில் முடியும். ஆனால் கேள்வியில் "வகுத்தல் முறையில்" என்று இருந்தால் வகுத்துத்தான் காட்ட வேண்டும், அங்கே கெட்டிக்காரத்தனம் மதிப்பெண்ணைக் காப்பாற்றாது. ஒப்பிட்டு வந்த விடையை ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு, வகுத்து வந்த விடை அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டு வழி தெரிந்திருப்பதன் பெரிய லாபம் அதுதான், ஒன்று இன்னொன்றைச் சரிபார்க்கும்.

ஒப்பிடும் முறைக்கு ஒரு பலவீனம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். தொடக்கக் கெழுவும் கடைசி மாறிலியும் தெரிந்திருக்கும்போதுதான் அது இவ்வளவு சுலபம். அ·ம³ + 5ம² + இ·ம + 6 என்று தொடக்கமே தெரியாதபோது, ஒருபடிக் காரணிகள் இரண்டைக் கொடுத்திருந்தால், மிச்சக் காரணியின் தலையும் அ ஆகவே நிற்கும், பெருக்கி விரித்து ஒவ்வொரு கெழுவாகச் சமன்படுத்த வேண்டும். அப்போது நேராகப் பிரதியிடுவதும் இதுவும் ஏறக்குறைய ஒரே வேலை. இன்னொன்று, கோவையின் படி காரணியின் படியைவிட மூன்று, நான்கு அதிகமானால் மிச்சக் காரணியில் புதுப்புது எழுத்துகள் நுழையும். ஐந்துபடிக் கோவைக்கு ஒருபடிக் காரணி ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பிடப் போனால் மூன்று எழுத்துகளோடு மல்லுக்கட்ட வேண்டும். அங்கே ஒரே ஒரு எண்ணைப் போட்டால் முடிந்தது.

அதனால் என் பழக்கம் இது: கொடுத்த காரணிகள் எல்லாவற்றையும் பெருக்கினால் கோவையின் படிக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பார்ப்பேன். ஒரு படிதான் குறைகிறது, இரண்டு முனையும் தெரிகிறது என்றால் ஒப்பிடுவேன். நிறையக் குறைகிறது, காரணிகள் ஒருபடி, போடும் எண் முழு எண் என்றால் பிரதியிடுவேன். கேள்வி "மேலும் முழுமையாகக் காரணிப்படுத்துக" என்று முடிந்தால் தொகுமுறை, ஏனென்றால் ஈவு இலவசமாகக் கிடைக்கும். ஒரு மதிப்பெண் கேள்வியில் காரணி ஒன்று, தெரியாத கெழு ஒன்று என்றால் யோசிக்கவே வேண்டாம், எண்ணைப் போடுங்கள்.

கடைசியாக ஒரு வகை. அன்று அவளும் நானும் அதிக நேரம் செலவழித்தது இதில்தான்.

ம³ + அ·ம² + இ·ம + 4, இது (ம − 1)² ஆல் மீதியின்றி வகுபடும்.

அவள் சட்டென்று 1 போட்டாள். அ + இ = −5 வந்தது. இரண்டாவது சமன்பாட்டுக்கு மறுபடி 1 போட்டாள், மறுபடி அதே அ + இ = −5. "ரெண்டு காரணிதானே சித்தப்பா, ஏன் ஒண்ணே வருது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, இதைக் கேட்காமல் கேள்வியே தவறு என்று தாளை மூடி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணினால் கணக்கு சரிதான், இருபடிக் காரணி என்றால் இரண்டு சமன்பாடு இருக்க வேண்டும். ஆனால் இரண்டாவது சமன்பாடு ப(1) என்பதற்குள் இல்லை. (ம − 1) ஆல் ஒருமுறை வகுத்த பிறகு கிடைக்கும் ஈவுக்குள் அது ஒளிந்திருக்கிறது; அந்த ஈவும் (ம − 1) ஆல் வகுபட வேண்டும் என்பதுதான் வர்க்கம் என்ற சொல்லின் பொருள். தொகுமுறையில் 1, அ, இ, 4 என்பதை 1 ஆல் இறக்கினால் 1, அ + 1, அ + இ + 1, அ + இ + 5. கடைசியை விட்டுவிட்டு மிச்சத்தை மறுபடி 1 ஆல் இறக்கினால் 1, அ + 2, 2அ + இ + 3. இப்போது இரண்டு சமன்பாடுகளும் வந்துவிட்டன:

அ + இ = −5
2அ + இ = −3

அ = 2, இ = −7. மேல்நிலை வகுப்பில் வகையிடல் படித்தவர்கள் 3ம² + 2அ·ம + இ என்று வகையிட்டு அதில் 1 போட்டால், 3 + 2அ + இ = 0, அதே இரண்டாவது சமன்பாடு கிடைப்பதைக் காண்பார்கள்.

அதற்குள் அவள் என் பேனாவை வாங்கி ஓரத்தில் (ம² − 2ம + 1)(ம + 4) என்று எழுதிவிட்டாள். ஏன் 4 என்று கேட்டேன், "கடைசியில 4 இருக்குல்ல, ஒண்ணை எதால பெருக்கினா நாலு வரும்" என்றாள். விரித்தாள், ம³ + 2ம² − 7ம + 4. அப்புறம் நான் சொல்லாமலே ம = 1 என்று போட்டு 1 + 2 − 7 + 4 சுழி என்று சரிபார்த்தாள். அது போதாது என்று சொன்னேன், ஒரு (ம − 1) இருந்தாலே அது சுழியாகிவிடும், இரண்டு இருக்கிறது என்பதை அது காட்டாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ம = 2 என்று போட்டாள். விரித்த கோவையில் 8 + 8 − 14 + 4 = 6. காரணிகளில் 1 × 6 = 6. ஒத்துப்போனது, நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள்.